இலை கொழுத்தது, கிழங்கு இளைத்தது!

முள்ளங்கி அவசரக்காரப் பயிர்.

விதை போட்டு நாலைந்து நாளில் முளைத்துவிடும். 45-வது நாள் பிடுங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். நெல்லைப் போல நாலு மாதம் காத்திருக்க வேண்டாம். வாழையைப் போல வருடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதனால்தான் கையில் கொஞ்சம் நிலமும், கிணற்றில் கொஞ்சம் தண்ணீரும் உள்ளவர்கள் முள்ளங்கியை விரும்பிப் போடுகிறார்கள்.

ஆனால், இந்த அவசரத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

நாலு மாதப் பயிரில் ஒரு தவறு செய்துவிட்டால், அதைத் திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது. 45 நாள் பயிரில் அப்படி அல்ல. தவறு என்ன என்று தெரிவதற்குள் அறுவடை வந்துவிடும். போட்ட பணம் மண்ணோடு போய்விடும்.

"மேலே பார்த்தால் பச்சைப் பசேல் என்று காடு மாதிரி இலை. பிடுங்கிப் பார்த்தால் சுண்டுவிரல் பருமனில் கிழங்கு!"

முள்ளங்கி போட்ட பலர் சொல்லும் குறை இது.

இப்படி ஆனதும் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? "உரம் போதவில்லை" என்று நினைக்கிறார்கள். அடுத்த தடவை இன்னும் இரண்டு கை யூரியாவை அள்ளி வீசுகிறார்கள். இலை இன்னும் உயரமாக வளர்கிறது. கிழங்கு இன்னும் மெலிகிறது!

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? உரத்திலா? விதையிலா?

இரண்டிலும் இருக்கலாம். எந்தப் பருவத்துக்கு எந்த ரகம் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உரம். அந்த உரத்தையும் அளந்து போட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், செலவு செய்தவனுக்கு இலைதான் மிஞ்சும்.

அண்ணனும் தம்பியும்

ஒரு ஊரில் அண்ணன், தம்பி இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தோட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இருவரும் முள்ளங்கி போட்டார்கள்.

அண்ணன் நல்ல ரகமாகப் பார்த்து வாங்கினார். ஆனால், யூரியாவைக் கணக்குப் பார்க்காமல் போட்டார். "போட்டால்தானே விளையும்" என்பது அவர் எண்ணம்.

தம்பி கெட்டிக்காரர். உரத்தை அளந்து போட்டார். ஆனால், விதை வாங்கும்போது பாக்கெட்டில் இருந்த படத்தை மட்டும் பார்த்தார். அது குளிர்காலத்து ரகம். அவர் விதைத்ததோ சித்திரை மாதம்!

நாற்பது நாள் கழித்து இருவரும் வரப்பில் சந்தித்தார்கள்.

"என்ன அண்ணே, புகையிலைத் தோட்டம் மாதிரி இலை விட்டிருக்கிறதே!"

"இலையைப் பார்த்து என்ன பிரயோஜனம் தம்பி? கிழங்கு என் விரல் பருமன்தான் இருக்கிறது. உன் பக்கம் எப்படி?"

"பாக்கெட்டில் முழங்கை நீளத்துக்குப் படம் போட்டிருந்தான், அண்ணே. இங்கே வேர்தான் நீண்டிருக்கிறது. கடித்தால் காரம் கண்ணில் தண்ணீர் வருகிறது. பாதி செடி பூவே விட்டுவிட்டது."

இருவருக்கும் நஷ்டம். ஆனால், நஷ்டத்துக்குக் காரணம் வேறு வேறு. அண்ணனுக்கு உரம் கெடுத்தது. தம்பிக்கு ரகம் கெடுத்தது.

பெயரிலேயே இருக்கிறது!

பயிருக்கு முக்கியமாக வேண்டிய சத்துகள் மூன்று. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. விஞ்ஞானிகள் இவற்றை நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்கிறார்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வேலை என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது.

தழைச்சத்து, தழையை வளர்ப்பது. இலைக்குப் பச்சை நிறமும், செடிக்கு வளர்ச்சியும் தருவது.

மணிச்சத்து, தானியத்தின் மணியைத் திரட்டுவது. இளஞ்செடி நன்றாக வேர் விடுவதற்கும் இதுதான் துணை.

சாம்பல்சத்து, அடுப்புச் சாம்பலில் இருப்பது. இலையில் தயாராகும் உணவு செடியின் மற்ற பாகங்களுக்குப் போய்ச் சேர இது உதவுகிறது. வறட்சியையும் நோயையும் தாங்கும் பலத்தையும் கொடுக்கிறது.

யூரியாவில் இருப்பது தழைச்சத்து மட்டுமே. ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் தழைச்சத்து இருக்கிறது. மணிச்சத்து, சாம்பல்சத்து இரண்டும் அதில் துளிகூடக் கிடையாது.

கீரைக்கு யூரியா போட்டால் லாபம். நமக்கு வேண்டியது இலை. முள்ளங்கியில் நமக்கு வேண்டியது எது? கிழங்கு அல்லவா!

இலை சமையல் அறை. கிழங்கு சேமிப்பு அறை

முள்ளங்கிச் செடி எப்படிக் கிழங்கு வைக்கிறது?

இலைதான் செடியின் சமையல் அறை. வெயிலைக் கொண்டு, காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் தண்ணீரையும் சேர்த்து, இலை சர்க்கரையைத் தயாரிக்கிறது. அந்த நேரத்துச் செலவு போக மீதியைச் செடி கீழே அனுப்பிச் சேர்த்து வைக்கிறது. தண்டின் அடிப்பாகமும் வேரின் மேல்பாகமும் சேர்ந்து பருத்துச் சேமிப்பு அறை ஆகின்றன. அதைத்தான் நாம் முள்ளங்கிக் கிழங்கு என்கிறோம்.

முளைத்து இரண்டு வாரத்துக்குள் இந்தச் சேமிப்பு தொடங்கிவிடுகிறது.

தழைச்சத்து அளவாக இருந்தால், போதுமான இலை உண்டாகிறது. மிச்சச் சர்க்கரை கிழங்குக்குப் போகிறது.

தழைச்சத்து மிதமிஞ்சினால் என்ன ஆகிறது? செடி புதுப்புது இலைகளை விட்டுக்கொண்டே இருக்கிறது. தயாரித்த சர்க்கரை எல்லாம் புது இலைகளுக்கே செலவாகிறது. சம்பாதித்ததை எல்லாம் சமையல் அறையைப் பெரிதாக்குவதிலேயே செலவு செய்துவிட்டால், பெட்டியில் என்ன மிஞ்சும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. இலை கொழுகொழு என்று இருந்தால் அசுவினிப் பூச்சிக்குக் கொண்டாட்டம். கூட்டம் கூட்டமாக வந்து சாற்றை உறிஞ்சும்.

அதற்காகத் தழைச்சத்தே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. அது குறைந்தால் இலை வெளுத்து மஞ்சளாகும். சமையல் அறையே இல்லாத வீட்டில் சேமிப்பு ஏது? தேவையானது அளவு.

ஓட்டைப் பீப்பாய்

உரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு ஜெர்மானியரை மறக்க முடியாது. அவர் பெயர் யுஸ்டஸ் வான் லீபிக். ரசாயன மேதை. 1803-ல் பிறந்தவர். விவசாயத்தில் ரசாயனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி 1840-ல் ஒரு நூல் எழுதினார். அவர் உலகமெங்கும் பரப்பிய ஒரு விதி இன்றும் விவசாயக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதை முதலில் சொன்னவர் கார்ல் ஸ்பிரெங்கல் என்ற இன்னொரு ஜெர்மானியர்.

விதி இதுதான்: பயிரின் வளர்ச்சியை நிர்ணயிப்பது, அதிகமாக இருக்கும் சத்து அல்ல, மிகக் குறைவாக இருக்கும் சத்து.

இதை விளக்க ஒரு மரப் பீப்பாயை உதாரணம் சொல்வது வழக்கம். பீப்பாயின் பலகைகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு பலகை மட்டும் குட்டை. தண்ணீர் ஊற்றினால் எது வரை நிற்கும்? குட்டைப் பலகையின் உயரம் வரைதான். மற்றப் பலகைகளை இன்னும் ஒரு முழம் உயர்த்தினாலும் ஒரு சொட்டுக்கூட அதிகம் நிற்காது.

மண்ணில் சாம்பல்சத்து குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் கிழங்கு பருக்காது. குட்டைப் பலகையை விட்டுவிட்டு நெட்டைப் பலகையை உயர்த்துகிறீர்கள்!

எந்தப் பலகை குட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. வயலில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோ கொடுத்தால் போதும். எந்தச் சத்து குறைவு, எவ்வளவு உரம் போடலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

ஒரே பெயர், பல ஜாதி

இனி ரகத்துக்கு வருவோம்.

கடுகு, முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் எல்லாம் முள்ளங்கிக்கு உறவு. ஒரே குடும்பம். முள்ளங்கியைக் கடித்தால் கடுகைப் போலச் சுரீர் என்று காரம் ஏறுவது அதனால்தான்.

முள்ளங்கி என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், ரகத்துக்கு ரகம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஐரோப்பாவில் விரும்பிச் சாப்பிடும் சிவப்பு முள்ளங்கி, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. 25 முதல் 30 நாளில் தயார்.

ஜப்பானில் சகுராஜிமா என்று ஒரு ரகம் உண்டு. எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் விளைவது. பூசணிக்காயைப் போலப் பருத்திருக்கும். 2003-ல் உலக சாதனையாகப் பதிவான ஒரு கிழங்கின் எடை 31 கிலோ!

வட இந்தியாவில் மோக்ரி என்று ஒரு முள்ளங்கி இருக்கிறது. அதில் கிழங்கை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எலி வாலைப் போல நீளமான காய் காய்க்கும். அந்தக் காயைப் பறித்துச் சமைக்கிறார்கள்.

சிவப்புக் குண்டு முள்ளங்கிக்கு வண்டி வண்டியாக உரம் போட்டாலும் அது சகுராஜிமா ஆகுமா? ஆகாது. மோக்ரிக்கு எவ்வளவு சாம்பல்சத்து போட்டாலும் சாம்பாருக்குக் கிழங்கு கிடைக்குமா? கிடைக்காது. எவ்வளவு பெரிதாக வளரலாம் என்ற எல்லையை விதை வகுத்துவிடுகிறது. அந்த எல்லை வரை போய்ச் சேர உதவுவதுதான் உரத்தின் வேலை.

எந்தப் பருவம்? எந்த ரகம்?

முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும் பயிர். 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேட் குளிரில்தான் ருசியும் பருமனும் சிறப்பாக இருக்கும். நீலகிரி மலையில் முள்ளங்கி வெள்ளரிப்பிஞ்சு போல நறுக்கென்று இருப்பதற்கு அதுவே காரணம்.

அப்படியானால் சமவெளியில் இருப்பவர்கள் முள்ளங்கி போடவே கூடாதா?

போடலாம். அதற்கென்றே ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள்.

பூசா சேத்கி என்பது வெயிலைத் தாங்கும் ரகம். வட இந்தியாவில் மார்ச் மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை இதை விதைக்கிறார்கள். 40 முதல் 45 நாளில் பிடுங்கலாம். கிழங்கு வெள்ளையாக, மிருதுவாக இருக்கும்.

பூசா ரேஷ்மி, மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்துக்கு ஏற்றது. 55 முதல் 60 நாள் பிடிக்கும்.

ஜப்பானிஸ் ஒயிட், பெயருக்கு ஏற்ப ஜப்பானிலிருந்து வந்தது. நல்ல குளிர் வேண்டும். மலைக்கும், சமவெளியில் குளிர்காலத்துக்கும்தான் இது சரிப்படும். நம் தம்பி சித்திரையில் விதைத்தது இந்த மாதிரி ரகத்தைத்தான்!

அர்க்கா நிஷாந்த், பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. சீக்கிரம் பூத்துவிடாது. உள்ளே நெட்டி விழாது. 50 முதல் 55 நாள் பயிர்.

கோ.1 என்று ஒரு ரகமும் உண்டு. "கோ" என்ற எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது.

அது சரி, "பூசா" என்றால் என்ன? அது ஊர்ப் பெயர். பீகாரில் உள்ள பூசாவில் 1905-ல் ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1934-ல் நடந்த பூகம்பத்தில் அதன் கட்டடம் சேதம் அடைந்தது. 1936-ல் நிலையத்தை டில்லிக்கு மாற்றினார்கள். பழைய ஊர்ப் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அங்கே உருவாகும் ரகங்களுக்கெல்லாம் "பூசா" என்று முன்னால் சேர்க்கிறார்கள்.

விதை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். ரகத்தின் பெயர் என்ன, எந்த மாதம் விதைக்கலாம், எத்தனை சதவீதம் முளைக்கும், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியது போதாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

நெல் சொன்ன பாடம்

ரகமும் உரமும் தனித்தனி விஷயங்கள் என்று நினைக்கலாம். அப்படி அல்ல. சில பயிர்களில் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

இதை நம் நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகப் புரிய வைத்தது நெல்தான்.

பழைய நெல் ரகங்கள் பல ஆள் உயரம் வளர்ந்தவை. அவற்றுக்கு உரம் அதிகமாகப் போட்டால் இன்னும் உயர்ந்து, தலை கனத்து, காற்றுக்கு அப்படியே சாய்ந்துவிடும். மணி தண்ணீரில் ஊறி வீணாகும். உரம் போட்டதே பகையாக முடியும்.

1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற ரகத்தை வெளியிட்டது. உயரமான ஒரு ரகத்தையும், தைவானைச் சேர்ந்த குட்டை ரகம் ஒன்றையும் கலந்து உண்டாக்கியது அது. குட்டையாக இருந்ததால் சாயவில்லை. அதே உரத்தை வாங்கிக்கொண்டு மணியாகக் கொடுத்தது. உரம் மாறவில்லை; ரகம் மாறியது; விளைச்சல் பெருகியது.

எல்லாப் பயிரிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1923-ல் இங்கிலாந்தில் ரொனால்ட் பிஷர் என்ற கணித மேதை, பன்னிரண்டு உருளைக்கிழங்கு ரகங்களுக்கு வேறு வேறு உரம் போட்டு நடந்த சோதனையின் கணக்கை ஆராய்ந்தார். உரத்துக்கு எல்லா ரகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் பலன் கொடுத்திருந்தன.

நெல் ஒரு விதம். உருளைக்கிழங்கு ஒரு விதம். ஆகவே, ஊகத்தில் இறங்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சென்டுக்கு எவ்வளவு?

கணக்குக்கு வருவோம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு இது. ஒரு ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம் இட வேண்டும். அதோடு தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 100 கிலோ, சாம்பல்சத்து 50 கிலோ. இவை அடியுரம். விதைத்த 30-வது நாள் தழைச்சத்து மட்டும் இன்னொரு 25 கிலோ. இது மேலுரம்.

இதைக் கவனித்தீர்களா? மணிச்சத்துதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு சென்டுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

தொழுஉரம் 100 கிலோ.

சூப்பர் பாஸ்பேட் இரண்டரைக் கிலோ.

பொட்டாஷ் 340 கிராம்.

அடியுரமாக யூரியா 220 கிராம்.

30-வது நாள் மேலுரமாக யூரியா 220 கிராம்.

விதை 40 கிராம்.

ஆக, ஒரு சென்டுக்கு மொத்த யூரியா அரைக்கிலோகூட இல்லை! "இருக்கட்டும், ஒரு கிலோ போடுவோம்" என்று போட்டால், பயிர் கேட்டதைப் போல இரண்டு மடங்குக்குமேல் போட்டதாக ஆகிவிடுகிறது. கையால் அள்ளிப் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தராசில் நிறுத்துப் போட்டால் தெரியும்.

மண் பரிசோதனை செய்திருந்தால், அதில் சொன்ன அளவையே பின்பற்றுங்கள். உங்கள் மண்ணைப் பார்த்துச் சொன்னது அது.

தொழுஉரம் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். மக்காத பச்சைச் சாணத்தைப் போட்டால் கிழங்கு நேராக இறங்காது. மனிதனின் கால் மாதிரி இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்துவிடும். உரம் விதையில் நேராகப் படக் கூடாது. மேலுரம் இடும்போது மண் அணைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

உரத்தால் தீராத குறைகள்

கிழங்கில் ஏதாவது குறை கண்டால் உடனே உர மூட்டையைத் தேடுவது வழக்கம். சில குறைகளை உரத்தால் தீர்க்க முடியாது.

நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைக்காமல் விட்டால் கிழங்கு பருக்காது. செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம், இடைவெளி வேண்டும். பிடுங்கிய இளஞ்செடியை எறிய வேண்டாம். கீரையாகச் சமைக்கலாம்.

சில நாள் காயப் போட்டுவிட்டுத் திடீரென்று வெள்ளமாகத் தண்ணீர் விட்டால் கிழங்கு வெடிக்கும்.

கல்லும் கட்டியும் நிறைந்த மண்ணில் கிழங்கு கோணலாகும். ஆழமாகக் கொத்திப் புழுதியாக்க வேண்டும்.

நாள் கடந்து பிடுங்கினால் உள்ளே நெட்டி விழும். விலை ஏறட்டும் என்று பத்து நாள் விட்டு வைத்தால், கிழங்கு பெரிதாகும், நறுக்கினால் பஞ்சு!

கடும் வெயிலில் விளைந்தால் காரம் அதிகமாகும்.

நறுக்கிய கிழங்கின் நடுவே பழுப்பு நிறத்தில் கறை இருந்தால், போரான் என்ற நுண்சத்து குறைவாக இருக்கலாம். இது மிகக் கொஞ்சமாகத்தான் தேவை. கூடினால் செடிக்கு விஷம். மண் பரிசோதனை செய்யாமல் இதில் கை வைக்கக் கூடாது.

மிச்ச உரம் எங்கே போகிறது?

பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து சும்மா இருப்பதில்லை. ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஒரு பங்கு நைட்ரேட் ஆக மாறி, தண்ணீரோடு கீழே இறங்குகிறது. கடைசியில் கிணற்றுக்கும் வருகிறது.

தோட்டத்துக் கிணற்றில் குடிதண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குழந்தையின் ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல், உடம்பு நீலம் பூத்துவிடும். தண்ணீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

அளவுக்கு மேல் போடும் உரத்துக்கு நாம் கடையில் ஒரு தடவை விலை கொடுக்கிறோம். விளைச்சலில் இரண்டாவது தடவை. குடிக்கும் தண்ணீரில் மூன்றாவது தடவையும் கொடுக்க நேரலாம்.

ஆறு பாத்தி போதும்

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு கோதுமை வயல் இருக்கிறது. 1843-ல் ஜான் லாஸ் என்பவர் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பட்டைக்குத் தொழுஉரம். சில பட்டைகளுக்கு ரசாயன உரம், வேறு வேறு அளவில். ஒரு பட்டைக்கு எதுவுமே இல்லை. லாஸ் 1900-ல் இறந்துவிட்டார். சோதனை நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது!

லாஸ்தான் 1842-ல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கும் முறைக்கு உரிமை வாங்கியவர். அந்த உரத்தைத் தயாரிக்க இந்தியாவில் முதல் தொழிற்சாலை 1906-ல் ஏற்பட்டது. எங்கே தெரியுமா? நம் ராணிப்பேட்டையில்!

அவ்வளவு பெரிய வயல் நமக்கு வேண்டாம். நூற்றுக்கணக்கான வருடமும் வேண்டாம். ஆறு பாத்தியும் ஒரு தராசும் போதும்.

பாத்தி ஒவ்வொன்றும் 11 அடி நீளம், 4 அடி அகலம் இருக்கட்டும். அது ஒரு சென்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆறு பாத்திக்கும் பத்து பத்து கிலோ தொழுஉரம் இடுங்கள்.

இரண்டு ரகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று பாத்தி.

முதல் பாத்திக்குத் தொழுஉரம் மட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது பாத்திக்குச் சிபாரிசு செய்த அளவு. சூப்பர் பாஸ்பேட் 250 கிராம், பொட்டாஷ் 34 கிராம், யூரியா 22 கிராம். 30-வது நாள் இன்னொரு 22 கிராம் யூரியா.

மூன்றாவது பாத்திக்கு மற்றதெல்லாம் அதே அளவு. யூரியா மட்டும் இரண்டு தடவையும் இரட்டிப்பு, 44 கிராம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே மாதிரி தண்ணீர் விட்டு, ஒரே நாளில் பிடுங்குங்கள். இலையைத் தனியாக, கிழங்கைத் தனியாக நிறுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அழைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எந்த ரகம் கிழங்கு அதிகம் கொடுத்தது? உரம் கூடியபோது கிழங்கு கூடியதா, இலை கூடியதா? இரண்டு ரகமும் ஒரே மாதிரி நடந்துகொண்டனவா? மூன்று கேள்விக்கும் விடை அந்த நோட்டில் இருக்கும். மறுபடியும் ஒரு தடவை இதே மாதிரி செய்து அதே விடை வந்தால், அதை நம்பலாம்.

பிடுங்கிய கிழங்கு சாம்பாருக்கு ஆயிற்று. இலையையும் குப்பையில் போடாதீர்கள். கிழங்கைவிட இலையில்தான் சுண்ணாம்புச்சத்தும், இரும்புச்சத்தும், வைட்டமின் சி சத்தும் அதிகம். பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

அண்ணன் தோட்டத்தில் இலையாவது மிஞ்சியது. அடுத்த தடவை அண்ணன் தராசை எடுத்துக்கொள்ளட்டும். தம்பி பாக்கெட்டில் உள்ள எழுத்தைப் படிக்கட்டும். 45 நாளில் முள்ளங்கியே பதில் சொல்லிவிடும்.